விருந்துப் பந்தலும் நினைவு அறையும்

நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில் வாழும் தம் மகள் வீட்டில் ஆறு மாதங்கள் தங்கிவிட்டு அண்மையில் ஊர் திரும்பினார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வந்தமர்ந்து, தாம் கண்டவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூறத் தொடங்கினார். பனிமலைகளைப் பற்றிக் கூறினார்; உப்பு ஏரியைப் பற்றிக் கூறினார். இறுதியில் அவர் முகம் மலர்ந்தது.

"சாமி, செப்டம்பர் மாதத்திலே சால்ட் லேக் நகரத்தில் கிரேக்கர்கள் தங்கள் கோவில் வளாகத்திலேயே ஒரு திருவிழா நடத்துகிறார்கள். நம் ஊர்த் திருவிழா மாதிரியே பந்தல், பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. தெரு வரைக்கும் வரிசை நிற்கிறது. தேனில் ஊறின இனிப்பு ஒன்று கொடுத்தார்கள் பாருங்கள், அந்தச் சுவை இன்னும் நாவிலே நிற்கிறது."

"அந்த வளாகத்தில் அவர்களுடைய பழம்பொருள் அறை ஒன்று உண்டே, அதைப் பார்த்தீர்களா?" என்று வினவினோம்.

"கீழே கண்காட்சி என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள், சாமி. பேரப்பிள்ளைகளுக்குப் பசி. நேரமில்லாமல் போய்விட்டது."

அவரை நாம் குறை கூறவில்லை. அந்த இடத்தில் நாம் இருந்திருந்தாலும் இனிப்புப் பந்தலில்தான் முதலில் நின்றிருப்போம். ஆயினும் அந்த அம்புக்குறி நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அது காட்டிய வழியே இறங்கிச் சென்றிருந்தால் எத்தகைய மக்களின் கதையை அவர் அறிந்திருப்பார் என்பதை, யூட்டாவின் கிரேக்கர்களைப் பற்றி நாம் படித்தறிந்தவற்றைக் கொண்டு இம்மாதம் எழுத விழைகிறோம்.

மூவர் நாலாயிரவர் ஆனது

அமெரிக்காவில் கிரேக்கர் வாழும் நகரங்கள் பலவற்றில் இத்தகைய விழாக்கள் நடைபெறுகின்றன. பெரும்பாலும் அவற்றை நடத்துவது அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் பங்கேயாகும். பங்கின் மூதாட்டியர் பல வாரங்கள் முன்பே கூடி இனிப்புகளைச் செய்யத் தொடங்குவர். மெல்லிய மாவுத்தாளை அடுக்கடுக்காக வைத்து, கொட்டைப் பருப்பு தூவி, தேன்பாகு ஊற்றிச் செய்யும் பக்லாவா என்பதே நம் பெரியவர் சுவைத்தது. இளைஞர்கள் பழங்கால உடையணிந்து கைகோத்து வட்டமாக ஆடுவர். இவற்றோடு ஆலயத்தைச் சுற்றிக்காட்டி விளக்கும் சொற்பொழிவும், குடியேறியவர்களின் பொருள்களையும் படங்களையும் வைத்த கண்காட்சியும் இடம்பெறும். விழாவின் வருமானத்தைத் தருவது உணவுப் பந்தல். விழா எதற்காக என்று சொல்வது கண்காட்சி.

சால்ட் லேக் நகரம் 1847-ஆம் ஆண்டில் மோர்மன் சமயத்தாரால் நிறுவப்பட்டது. அதன் தென்மேற்கே பிங்காம் என்னுமிடத்தில் செம்பும், தென்கிழக்கே கார்பன் வட்டாரத்தில் நிலக்கரியும் பூமிக்குள் கிடந்தன. இருப்புப்பாதை போடவும், சுரங்கம் தோண்டவும், உலையில் உலோகத்தை உருக்கவும் ஆள்கள் தேவைப்பட்டனர். 1900-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் யூட்டா முழுவதிலும் இருந்த கிரேக்கர் மூவர் மட்டுமே. 1910-ஆம் ஆண்டுக் கணக்கிலோ அவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டிருந்தனர். அவர்களுள் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

பத்து ஆண்டுகளில் இத்தனை இளைஞர்களைக் கடல் கடக்கச் செய்தது எது? தென் கிரேக்க நாட்டின் உழவர்கள் உலர்திராட்சைப் பயிரையே நம்பி வாழ்ந்தனர். 1893-ஆம் ஆண்டை ஒட்டி அதன் விலை அடியோடு வீழ்ந்தது. கடன் பெருகிற்று. அத்துடன் வீட்டுக்கு வீடு மணமாகாத சகோதரியர் இருந்தனர். சீதனமின்றிப் பெண்ணுக்குத் திருமணம் இல்லை என்பது அந்நாட்டு வழக்கம். தங்கையரை எல்லாம் கரையேற்றிய பின்னரே அண்ணன் தன் திருமணத்தை எண்ணலாம் என்பது எழுதாச் சட்டம். ஆகவே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் கப்பலேறினர். இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்துத் திரும்பிவிடலாம் என்பதே அவர்களுடைய எண்ணம். புறப்படும்போது ஊர் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் துணியில் முடிந்து, தாயத்துப்போல் உடன் கொண்டுசென்றவர்களும் உண்டு. அவர்களுள் மிகப் பலர் தம் ஊரை மீண்டும் காணவேயில்லை.

கங்காணியின் கணக்கு

மொழி அறியாத பிள்ளைகள் வேலைக்கு எவரை அணுகுவர்? தம் மொழி பேசும் ஒருவனையே நாடுவர். அவ்வாறு நாடப்பட்டவர் லியோனிடாஸ் ஸ்கிலிரிஸ். ஸ்பார்ட்டாப் பகுதியிலிருந்து வந்த அவரும் ஒரு கிரேக்கரே. சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதைகளுக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்த பெருங்கங்காணி அவர். வேலையில் சேர அவருக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும். சேர்ந்தபின் கூலியிலிருந்து மாதந்தோறும் ஒரு டாலர் அவருக்குப் போகும். அவர் காட்டும் கடையில்தான் மளிகை வாங்க வேண்டும். மறுத்தவனுக்கு வேலை இல்லை. கிரேக்கரின் பேரரசர் என்றே மக்கள் அவரை அழைத்தனர். தொழிலாளர் மரக்கொட்டகைகளில் முடங்கிக் கிடக்க, அவர் நகரின் பெருவிடுதியில் வாழ்ந்தார்.

1912-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிங்காம் செம்புச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். கிரீட் தீவைச் சேர்ந்த கிரேக்கர் அதில் முன்னணியில் நின்றனர். கூலி உயர்வும் சங்கத்துக்கு ஏற்பும் வேண்டும் என்றதோடு, ஸ்கிலிரிஸ் நீக்கப்பட வேண்டும் என்பதையும் அவர்கள் தலையாய கோரிக்கையாக வைத்தனர். சங்கத்தை நிறுவனம் ஏற்கவில்லை. ஆனால் ஸ்கிலிரிஸ் பதவி விலகி அம்மாநிலத்தை விட்டே வெளியேறினார்.

அன்பர்களே, இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. யூட்டாவின் கிரேக்கர் தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது இந்த ஸ்கிலிரிஸை மறைக்கவில்லை. தம்மவரைச் சுரண்டியவனும் தம்மவனே என்பதை வெளிப்படையாகப் பதிவு செய்தனர். அதனினும் கசப்பான மற்றொன்றையும் பதிவு செய்தனர். 1903-இல் கார்பன் வட்டார நிலக்கரிச் சுரங்கங்களில் இத்தாலியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய இடத்தை நிரப்பக் கொண்டுவரப்பட்டவர்களே அங்கு வந்த முதற் கிரேக்கருள் பலர். நம் பேச்சில் சொன்னால், கருங்காலிகளாகவே அவர்கள் காலெடுத்து வைத்தனர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதே கிரேக்கர் வேலைநிறுத்தம் செய்ய, அவர்களை முறியடிக்க வேறு ஏழைகள் கொண்டுவரப்பட்டனர். பசித்தவனைக் கொண்டு பசித்தவனை வீழ்த்தும் இக்கொடுமையில், தம் முன்னோர் இரு பக்கத்திலும் நின்றனர் என்று பேரப்பிள்ளைகள் அறிவது நன்று. முன்னோரைத் தேவதூதராக்கிச் சொல்லப்படும் கதையைப் பிள்ளைகள் சிறிது காலமே நம்புவர். உண்மையாகச் சொல்லப்படும் கதையோ அவர்கள் வளர்ந்த பின்னும் துணைநிற்கும்.

மணமுடி சூடிய இளைஞர்

அக்காலத்துப் புகைப்படங்களுள் ஒருவகை, பார்ப்போர் உள்ளத்தை உருக்குவது. திறந்த சவப்பெட்டியில் ஓர் இளைஞன் கிடத்தப்பட்டிருப்பான். பெட்டியைச் சூழ்ந்து அவனுடைய தோழர்கள் கோட்டு அணிந்து, புகைப்படக் கருவியை நேராக நோக்கி நிற்பர். இறந்தவன் தலையில் மணமுடி சூட்டப்பட்டிருக்கும்.

கிரேக்கரின் திருமணச் சடங்கில் மணமக்கள் இருவருக்கும் முடி சூட்டுவது நடுநாயகமான நிகழ்ச்சி. திருமணம் காணாமல் இறந்தவனை மணமகனாக அலங்கரித்தே அடக்கம் செய்வது அவர்களுடைய பழைய மரபு. சுரங்கச் சரிவிலும், இருப்புப்பாதையிலும், உலைக்களத்திலும் மாண்ட பிள்ளைகள் அந்நிய மண்ணிலும் அவ்வாறே அடக்கம் செய்யப்பட்டனர். அந்தப் படம் எவருக்காக எடுக்கப்பட்டது? கடலுக்கு அப்பால் இருந்த தாய்க்காக. 'உன் மகனை நாங்கள் நாய்போல் புதைக்கவில்லை, அம்மா. குரு வந்தார், மந்திரித்தார், தோழர்கள் கூடினர், முடி சூட்டினோம்' என்று எழுத்தறியாத தாய்க்கும் விளங்கும்படி அனுப்பப்பட்ட கடிதமே அப்புகைப்படம். சீதனப் பணத்துக்காகக் காத்திருந்த வீட்டுக்கு இப்படம் வந்து சேர்ந்த நாளை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் 1924-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு மார்ச் 8-ஆம் நாள் சனிக்கிழமை காலை, கார்பன் வட்டாரத்தில் காசில் கேட் என்னும் ஊரின் இரண்டாம் எண் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. கூரையருகே தேங்கிய வாயுவைச் சோதித்தவரின் விளக்கு அணைந்துபோக, அதை அவர் மீண்டும் ஏற்ற முயன்றபோது தீப்பற்றியது என்பர். நிலக்கரித் தூளை அடக்கப் போதிய நீர் தெளிக்கப்படாததால் தீ சுரங்கமெங்கும் பாய்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வெடிகள் எழுந்தன. உள்ளே இருந்த 171 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மீட்கச் சென்ற குழுவின் தலைவரும் நச்சுப்புகையால் இறந்தார். ஆக 172 உயிர்கள். அவர்களுள் ஏறத்தாழ ஐம்பதின்மர் கிரேக்கர். ஏனையோர் இத்தாலியர், ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தினர், வேல்சு நாட்டினர், ஜப்பானியர் எனப் பல நாட்டினர்.

இதில் ஓர் அவலம் உண்டு. அந்நாள்களில் நிலக்கரிக்குத் தேவை குறைந்திருந்தது. எனவே மணமாகாத ஆள்கள் பலரை நிறுத்திவிட்டு, குடும்பம் உடையவர்களுக்கே வேலை கொடுத்திருந்தனர். இரக்கத்தால் செய்த ஏற்பாடு அது. அதனாலேயே அன்று மாண்டவர்களுள் பலர் கணவரும் தந்தையருமாக இருந்தனர். அவர்களை நம்பியிருந்த நானூறு பேருக்கும் மேற்பட்டோர் ஒரே காலைப்பொழுதில் ஆதரவிழந்தனர். கணவனின் சட்டத்தைக் கொண்டோ, காலணியைக் கொண்டோ உடலை அடையாளம் காண வேண்டிய நிலையும் பெண்களுக்கு நேர்ந்தது. பிரைஸ் நகரில் 1916-இல் கிரேக்கர் தம் காசால் எழுப்பிய அன்னையின் விண்ணேற்பு ஆலயம் அவ்வாரத்தில் அழுகுரலால் நிறைந்தது. காசில் கேட் என்னும் ஊரே இன்று இல்லை. 1974-இல் அதை அகற்றிவிட்டனர். கல்லறைகள் மட்டும் எஞ்சியுள்ளன.

சுரங்கத் தொழிலாளி ஒருவனின் விளக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காண்பவர், இவ்வளவையும் அறிந்து கண்டால் அது விளக்காகத் தோன்றும். அறியாமல் கண்டால் பழைய தகரம். கண்காட்சியோடு சொற்பொழிவும் வேண்டும் என்பது இதனாலேயே.

மருத்துவச்சி மகெரூ

துயரம் மட்டுமே அவர்களுடைய வரலாறு என்று கூறின் அதுவும் பொய்யாகும். 1910-க்குப் பின் பெண்கள் வரத் தொடங்கினர். பலர் புகைப்படத்தில் மட்டுமே கண்ட மணமகனை நாடி, தாமே நெய்த கம்பளிகளையும் விரிப்புகளையும் பெட்டியில் சுமந்து வந்தவர்கள். படத்தில் இளையவனாக இருந்தவன் இருப்புப்பாதை நிலையத்தில் நரைத்த தலையோடு நிற்கக் கண்டவர்களும் உண்டு. அழுதுகொண்டே மணந்து, பின்னர் பிள்ளைகளைப் பெற்று, ஆட்டுப்பாலில் பாலடைக்கட்டி செய்து, முற்றத்தில் மண் அடுப்புக் கட்டி, அந்த வறண்ட மலைநாட்டை ஊராக்கியவர்கள் அவர்களே.

அவர்களுக்கெல்லாம் தாய்போல் இருந்தவர் ஜார்ஜியா மகெராஸ் என்னும் மருத்துவச்சி. 'மகெரூ' என்று கூப்பிடுவர். மாக்னா என்னும் ஆலை ஊரை ஒட்டிய குடியிருப்பில் அவர் வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு இல்லாதவர். எனினும் துணிகளைக் கொதிநீரில் அவித்து, கைகளைத் தூய்மை செய்துகொண்டே மகப்பேறு பார்ப்பார். கிரேக்கப் பெண்கள் மட்டுமல்ல, இத்தாலியரும் ஸ்லாவியரும் அவரை அழைத்தனர். மொழி புரியாத வீட்டிலும் வேதனைக் குரல் புரியுமன்றோ? சுரங்க நிறுவனத்தின் பெயரும் கங்காணியின் பெயரும் அரசாங்க ஏடுகளில் தாமே பதிவாகிவிடுகின்றன. மகெரூ போன்றவரின் பெயரோ, எவரேனும் ஒருவர் நினைவாக எழுதி வைத்தால்தான் நிலைக்கும்.

இவர்களை அந்நகரத்தார் அன்போடு ஏற்றனரா? இல்லை. செய்தித்தாள்கள் அவர்களை இழிவாக எழுதின. 1920-களில் பிரைஸ் நகரில் ஒரு கூட்டத்தார் கிரேக்கரின் கடைகளுக்குட் புகுந்து, அங்கு வேலை செய்த அமெரிக்கப் பெண்களை வீட்டுக்குத் துரத்தினர். கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெறிக்கூட்டம் 1924-ஐ ஒட்டி யூட்டாவின் சுரங்க ஊர்களில் குடியேறியவர்களை அச்சுறுத்த மலைச்சரிவுகளில் சிலுவைகளைக் கொளுத்தியது. சிலுவையையே அச்சுறுத்தும் கருவியாக்கிய கொடுமையை என்னென்பது! இன்று அதே நகரத்தார் குடும்பம் குடும்பமாக வந்து, கிரேக்கரின் பந்தலில் வரிசையில் நிற்கின்றனர். இது மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் வரிசையில் நிற்பவருக்கும் பரிமாறுபவருக்கும் இந்தப் பழங்கதை தெரியாமற் போனால், இன்று புதிதாக வந்து மொழி தெரியாமல் தவிக்கும் மற்றோர் ஏழையை இருவருமே அவ்வாறே நடத்தக்கூடும். அண்மையில் வந்தவனை அஞ்சுவது எந்த இனத்துக்கும் எளிதில் தொற்றும் நோய்.

ஆலயத்தில் ஒரு சொற்பொழிவு

சால்ட் லேக் நகரில் கிரேக்கர் தம் முதல் ஆலயத்தை 1905-ஆம் ஆண்டிலேயே எழுப்பினர். இன்றுள்ள மூவொரு இறைவன் பேராலயம் 1920-களில் கட்டப்பட்டது. அன்று அவர்களுள் பலருக்குச் சொந்த வீடில்லை. மனைவி மக்கள் இல்லை. திரும்பிப் போவோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தனர். ஆயினும் கூலியில் மிச்சம் பிடித்து ஆலயம் கட்டினர். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று வாய் சொல்ல, இங்கேயே மண்ணாவோம் என்பதை உள்ளம் அறிந்திருந்தது போலும்.

இத்தகைய விழாக்களில் ஆலயத்தைக் காண வருவோருக்கு ஒருவர் விளக்கம் கூறுவார். பீடத்தை மறைத்து நிற்கும் திருவுருவத் தடுப்பையும், பொன்னிறத்தில் தீட்டிய புனிதர்களையும் சுட்டிக்காட்டுவார். நம் வாசகர்களுள் எழுபது வயதைக் கடந்தவர்கள் அங்கே நின்றால் ஒரு சொல்லைக் கேட்டுத் திடுக்கிடுவர். 'கீரியே எலெயிசோன்' என்பதே அது. இளமையில் இலத்தீன் திருப்பலியில் நாம் பாடிய அச்சொற்கள் இலத்தீன் அல்ல, கிரேக்கம். ஆண்டவரே, இரக்கம் வையும் என்பது பொருள். நாம் பொருள் தெரியாமல் பாடியதை, சுரங்கத்துக்கு இறங்குமுன் தாய்மொழியில் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். 1054-ஆம் ஆண்டின் பிளவை ஒட்டி இட்ட சாபங்களை 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுலும் மறைமுதுவர் அத்தனாகோராசும் நீக்கியதை நாம் அறிவோம். அந்த அத்தனாகோராஸ், 1931 முதல் 1948 வரை அமெரிக்கக் கிரேக்கரின் பேராயராய் இருந்து, இக்குடியேறிகளின் பங்குகளை ஒன்றுபடுத்தியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கேட்டு எழுதிய பெண்மணி

இவையனைத்தும் எவ்வாறு அழியாமல் நின்றன? தாமாக நிற்கவில்லை. ஹெலன் பாப்பனிக்கோலஸ் என்னும் பெண்மணி அவற்றைத் தேடித் திரட்டினார். 1917-இல் கார்பன் வட்டாரச் சுரங்க ஊர் ஒன்றில் கிரேக்கக் குடியேறிகளின் மகளாய்ப் பிறந்தவர் அவர். 1954-இல் அவ்வட்டாரக் கிரேக்கரைப் பற்றி மாநில வரலாற்று இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் முதியவர்களை வீடு தேடிச் சென்று, அவர்களருகே அமர்ந்து, கேட்டுக் கேட்டு எழுதினார். 1970-இல் வெளிவந்த அவருடைய விரிவான வரலாறு, யூட்டாவின் கிரேக்கரைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு இன்றும் முதல் நூலாகும். ஸ்கிலிரிஸையும் மகெரூவையும் இன்று நாம் அறிவது பெரும்பாலும் அவராலேயே. தம் பெற்றோரின் வாழ்க்கையையும் அவர் தனி நூலாக எழுதினார். 2004-இல் மறைந்தார்.

அவர் கேட்கத் தொடங்கியபோது முதலில் வந்த தலைமுறை முதுமையடைந்திருந்தது. இன்னும் இருபது ஆண்டு தாமதித்திருப்பின் கேட்பதற்கு எவரும் இருந்திருக்க மாட்டார். சவப்பெட்டியைச் சூழ்ந்து நின்ற தோழர்களின் பெயர்கள் அவர்களோடு மண்ணாகியிருக்கும். பொருள்கள் எஞ்சலாம், பெயர் சொல்ல ஆளில்லாத பொருள் எவருடைய பொருளுமல்ல.

நம் இல்லங்களில்

மேற்கூறியவற்றை நாம் அந்தப் பெரியவரிடம் சுருக்கமாகச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது, "அடுத்த முறை போனால் முதலில் கீழே இறங்கிப் பார்க்கிறேன், சாமி" என்றார்.

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி. அதனுள் மஞ்சள் பூத்த புகைப்படம் ஒன்றிருந்தது. நான்கு இளைஞர்கள் ஒரு சுவரின் முன் நிற்கின்றனர். "இடமிருந்து இரண்டாவது எங்கள் அப்பா. கலியாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் வெளியூரில் வேலை பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மற்ற மூன்று பேர் யார் என்று தெரியவில்லை, சாமி" என்றார். படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வெறுமையாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்தவர் அவர். அவருடைய கண்கள் கலங்கின.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நாம் அருங்காட்சியகம் கட்ட வேண்டியதில்லை. சிறிய செயல்கள் சிலவற்றைச் செய்யலாம். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பேனா மை படத்தின் மறுபுறம் ஊறிவிடும். பெட்டியில் கிடக்கும் கடிதங்களைப் பழைய தாள் விற்போரிடம் போடுமுன் ஒருமுறை படியுங்கள். முதியவர்களிடம் பிள்ளைகளை அனுப்பி, முதற் கூலி எவ்வளவு, எவரிடம் வேலை, எவர் ஏமாற்றினார், எவர் சோறு போட்டார் என்று கேட்கச் செய்யுங்கள். அவர்கள் கூறுவது குடும்பத்துக்குப் பெருமை தராததாயினும் அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யும் வசதி இன்று பிள்ளைகளிடம் உண்டு. பாப்பனிக்கோலஸ் அம்மையாருக்கு இருந்த வேலையில் பாதிகூட நமக்கில்லை.

அந்தப் படத்தில் உள்ள மற்ற மூவரை அடையாளம் காட்டக்கூடியவர் எவரேனும் உண்டா என்று வினவினோம். தம் தந்தையாரோடு பழகிய முதியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதாகவும், தொண்ணூற்றிரண்டு வயதாகிவிட்டதாகவும், சில நாள் நினைவு தெளிவாக இருக்கும், சில நாள் இராது என்றும் பெரியவர் கூறினார். நாம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரே எழுந்து, தகரப் பெட்டியை மூடி, "இன்றைக்கே போகிறேன், சாமி" என்று சொல்லிப் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார்.